சைலன்சர்

புதுப்பேட்டையில் எதையும் கழற்றிவிடலாம்.
கதவு, கண்ணாடி, கியர் பெட்டி,
ஒரு முழு ஆம்னி வேனை நாற்பது நிமிஷத்தில்.
அந்தப் பூனையை மட்டும்
சைலன்சர் குவியலிலிருந்து எடுக்க
மூன்று நாள் ஆயிற்று.

நான் அங்கே கணக்கு எழுதுகிறவள்.
பையன்கள் அதற்கு வைத்த பெயரும் சைலன்சர்தான்,
இருக்கும் இடத்தால் பாதி
கத்தாத வாயால் பாதி.
நாலு வருஷமாக என் டிபன் டப்பா மீன்முள்ளை
நான் பத்தடி தள்ளிப் போன பிறகே தின்னும்.
நன்றி என்று ஒன்று உண்டென்பதையே
காட்டிக்கொண்டதில்லை.
எனக்கு அது பிடித்திருந்தது.

ஆடிக் கடைசியில் முள் அப்படியே கிடந்தது.
எறும்பு வந்தது, காக்கா வந்தது.
டார்ச் அடித்தால்
குழாய்களுக்கு நடுவே ஒரு கண் மட்டும் பச்சையாய்த் திரும்பியது.
இன்னொரு கண் இருந்த பக்கம் வீக்கம்,
தாடையில் சீழ்.
"விடுக்கா, தானா போயிடும்" என்றான் முபாரக்.
வீக்கமா பூனையா என்று
அவன் சொல்லவில்லை.

வஞ்சிரத்துக்கு வரவில்லை.
நெத்திலிக் கருவாட்டுக்கு வரவில்லை.
மூன்றாம் நாள் மழையில் குவியலுக்குள் தண்ணீர் ஏற,
அதுவாகவே
காலி பேட்டரிக் கூடைக்குள் ஏறி நின்றது.
மூடியாக ஒரு ரேடியேட்டர் கிரில்,
கட்ட ஒரு ஃபேன் பெல்ட்.
மூடிய அந்தக் கணத்தில்
என் மணிக்கட்டில் நாலு கோடு.
நாலு வருஷத்தில் முதல் தொடுகை.

ஆட்டோ ஜெயசீலனுடையது.
"சீட்ல மூத்திரம் போனா நூறு எக்ஸ்ட்ரா."
போனது. கொடுத்தேன்.
வேப்பேரியில் இறங்கும்போது
கூடையை அவர்தான் தூக்கினார்.

கழுத்தில் துண்டு கட்டிய ஒரு லாப்ரடார்,
சினை ஆடு ஒன்று,
ஷூ பெட்டிக்குள் எட்டிப்பார்க்கும் கோழி,
பிறகு நாங்கள்.
சீட்டு எழுதுகிறவர் நிமிரவில்லை.
என்னது? பூனை.
பேரு? சைலன்சர்.
பேனா ஒரு நொடி நின்று, எழுதியது.
ஓனரு?

வாடகை ஒப்பந்தம் மாமனார் பேரில்.
ஸ்கூட்டி வீட்டுக்காரர் பேரில்.
கேஸ் இணைப்பு
செத்துப்போன மாமியார் பேரில் இன்னும்.

"ஓனரும்மா?"
செல்வராணி என்றேன்.
கையெழுத்துக்குப் பக்கத்தில்
மணிக்கட்டு ஒரு சிவப்புப் புள்ளி வைத்தது.

ஹெப்சிபா என்று கோட்டில் பெயர் குத்திய பெண்,
முழங்கை வரை உறை போட்டவள்,
வலைக்கண் வழியாக ஊசி இறக்கினாள்.
"வேற கடுவன் கடிச்சது. உள்ள பழுத்திருக்கு.
கண்ணு இருக்கா இல்லையான்னு வீக்கம் வடிஞ்சாத்தான் தெரியும்.
மாத்திரை குடுக்க முடியுமா?"
நான் சிரித்தேன். அவளும்.
"சரி, பதினாலு நாள் நிக்கற ஊசியே போட்டுடறேன்.
ஆனா மூணாம் நாள் கொண்டு வாங்க."

கீறி, வடித்து, கழுவி முடிக்கும்வரை
மயங்கிக் கிடந்தது.
ஒரு தடவை தொடலாமா என்று கேட்டேன்.
பாதங்களில் என்ஜின் ஆயில் கருப்பு.
இத்தனை லேசாகவா இருந்தது
என்னைப் பத்தடி தள்ளி நிறுத்திய உடம்பு.

"அக்கா, கையைக் காட்டுங்க.
இன்னைக்கே ஜி.எச். போங்க."

ஜி.எச். வாசலில் ஆட்டோவுக்குள்
கூடையும் ஜெயசீலனும்.
உள்ளே இன்னொரு வரிசை, இன்னொரு பேனா.
"பூனையா? வளர்ப்பா, தெருவா?"
என் பைக்குள் மடித்த சீட்டு,
அதில் ஓனர் என் பேர்.
"சொல்லும்மா, பின்னால ஆள் நிக்குது."

தெரு, என்றேன்.

தோளில் ஊசி. மூணாம் நாள் வரச்சொன்னார்கள்
என்னையும்.

சாயங்காலம் பெல்ட்டை அவிழ்த்தேன்.
கூடையைவிட்டு வளைந்து வளைந்து போய்
குழாய்களுக்குள் மறைந்தது,
திரும்பிப் பார்க்கவில்லை.

மூணாம் நாள் நான் போனேன்.
அது வரவில்லை.
ஏழாம் நாளும் நான் மட்டும்.

இன்றைக்கு மத்தியானம் வைத்த சங்கராத் தலை
மூன்று மணிக்கு இல்லை.
காக்காவாகவும் இருக்கலாம்.
முபாரக் டார்ச்சை நீட்டினான்.
வேண்டாம் என்று சொல்லிவிட்டு
பத்தடி தள்ளிப் போய் நின்றேன்.