ஒரே சட்டை

பெண் கேட்டு வருவதுபோல்
ஆள் கேட்டு வந்திருக்கிறது ஓர் அரசு.
தாம்பாளம் இல்லை, பழம் இல்லை.
சிவப்பு நாடா, மூன்று முத்திரை,
நாற்பத்தாறு பக்கம்.

லிஸ்பனில், ஆர்செனல் தெருவில்,
டிராம் போகும்போதெல்லாம் ஜன்னல் நடுங்கும் அறையில்
என் முன்னால் வைத்தார்கள்.
நான் சினாயிதா. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்.
சேர்க்க மாட்டேன், குறைக்க மாட்டேன் என்று
கை தூக்கிச் சத்தியம் செய்தவள்.
எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை.

கேட்கப்படுகிறவன் பந்தெலேய் பூர்லாக்கு.
மார்விலாவில் ரொட்டி அடுப்பில் வேலை.
புருவத்தில் மாவு என்று எழுத ஆசை;
பிடித்து எழுபது நாள் ஆயிற்று,
மாவு எப்படி இருக்கும்?

காகிதம் வராவிட்டால்
பதினெட்டாம் நாள் விட்டுவிடலாம்,
நாற்பது தாண்டினால் விட்டே ஆகவேண்டும்.
ஒப்பந்தத்தின் கணக்கு அது.
முப்பத்தொன்பதாம் நாள் வந்தது காகிதம்,
மழையில்,
தூதரக ஓட்டுநர் ஒருவரின் கோட்டுக்குள்
நனையாமல்.

"நான் தீ வைக்கவில்லை" என்றான், எழுந்து.
மொழிபெயர்த்தேன்.
நீதிபதி ஒடெத் வால்வெர்தெ கண்ணாடியைக் கழற்றினார்.
"அது இங்கே கேள்வி இல்லை."
அதையும் மொழிபெயர்த்தேன்.
நாலே சொல்.
நாற்பத்தாறு பக்கத்தைவிடக் கனம்.

இங்கே கேள்வி வேறு.
அங்கே குற்றமானது இங்கேயும் குற்றமா?

சொரோக்காவில் தானியக் கிடங்கு எரிந்தது.
உள்ளே தூங்கிய காவலாளி நிக்கிஃபோர்
எழுந்திருக்கவில்லை.
ஆம். இரண்டு நாட்டிலும் தீ சுடும்.

(அந்த வாரம் ஊர் முழுக்க ரொட்டி வாசனை.
எங்களுக்குப் பசித்தது.
மூன்றாம் நாள்தான்
நிக்கிஃபோரைப் பற்றிச் சொன்னார்கள்.
இது எந்தப் பக்கத்திலும் இல்லை.
சேர்க்க மாட்டேன்.)

பத்தொன்பது வயதில் முகாமைவிட்டு ஓடிப்போனது?
அது படையின் வழக்கு, படையோடு கிடக்கட்டும்.
அதற்கெல்லாம் ஆள் தருவதில்லை.

பிறகு ஆயுள் தண்டனை.
சாகும்வரை ஒருவனைப் பூட்டிவைக்க
இந்த நாட்டில் சாவி செய்வதில்லை.
அப்படிப் பூட்டமாட்டோம் என்று எழுதிக் கொடுங்கள்.
எழுதிக் கொடுத்தார்கள்.
அமைச்சரின் கையெழுத்து
பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்போல் சாய்ந்திருந்தது.

தீர்ப்பு:
தீ வைத்ததாகச் சொல்லப்படுபவனை அனுப்பலாம்.
முகாமிலிருந்து ஓடியவனை அனுப்பக் கூடாது.

இருவருக்கும் ஒரே சட்டை.
இடது மணிக்கட்டில் ஒரே அடுப்புச் சூடு.
விமானத்தில் ஒரே இருக்கை, கடைசி வரிசை,
இருபுறமும் காவலர்.
அப்படியானால் மற்றவன் எங்கே நிற்பான்?
விடிகாலை நான்கு மணிக்கு
மார்விலாவில் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருப்பானோ?
யாருக்காக அந்த மாவு பொங்கும்?

கடைசியில் அவன் கேட்டது ஒன்றுதான்:
தண்டனை முடிந்த பிறகு?
விதியைப் படித்துச் சொன்னேன்.
எதற்காகத் தந்தோமோ அதற்கு மட்டும் விசாரணை.
வெளியே விட்டபின் நாற்பத்தைந்து நாள்
உன்னைத் தொடமாட்டார்கள்.
அதற்குள் எல்லையைத் தாண்டிவிடு.
தாண்டாமல் தங்கினால்
பழையதைக் கிளறலாம்.

விரல் மடக்கினான்.
சுண்டுவிரல், மோதிரவிரல்,
நடுவிரலில் நின்றான்.
என்னைப் பார்த்தான், முதல் தடவையாக.
மெல்ல, எங்கள் ஆற்றங்கரை இழுவையில்,
"நீ சொரோக்காக்காரிதானே" என்றான்.

எழுத்தர் பேனாவை நிமிர்த்தினார்.
"என்ன சொல்கிறார்?"

டிராம் போனது. ஜன்னல் நடுங்கியது.

"நாள் எண்ணுகிறார்" என்றேன்.