சனிக்கிழமை, ஆறரை மணி

மண்டபத்து வாடகைப் புத்தகத்தில்
'என்ன விசேஷம்' என்றொரு கட்டம் உண்டு.
காதுகுத்து, சீர், நிச்சயம்,
போன மாதம் ஒரு சீட்டுக் கம்பெனிக் கூட்டம்.
மூன்று பெண்கள் வந்து முன்பணம் எண்ணி வைத்தார்கள்,
எல்லாம் ஐம்பதும் நூறுமாக.
கச்சேரி, என்றாள் தமயந்தி.
பக்திப் பாட்டுங்களா, சினிமாப் பாட்டுங்களா?
எங்க பாட்டுங்க.
பேனா மூடியைத் திறந்தவள் அப்படியே இருந்தேன்.
வேலந்தாவளத்தில் இதுவரை யாரும்
தன் பாட்டைத் தானே பாட மண்டபம் எடுத்ததில்லை.

சுவரொட்டி இரண்டு எழுத்திலும் வந்தது.
மலையாளத்தில் எல்லாம் சரி.
தமிழில் பிளெஸ்ஸி
'பிள்ளைஸி' ஆகியிருந்தாள்.
சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து,
பரவால்ல, ஒட்டிக்கோ என்றாள்
பசை வாளியோடு ஏணியில் நின்ற பையனிடம்.
சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் பதினெட்டு,
அந்தப் பக்கம் பதினொன்று.
கணவாய்க் காற்றும் இளநீர் லாரிகளும் உரசியதில்
ஹபீபாவுக்கு இப்போதே பாதி முகம்தான்.

மைக் அனுமதிக்குக் கொழிஞ்சாம்பாறை ஸ்டேஷனுக்கு
மூன்று நடை.
கூட ஆம்பளைங்க யாரும் இல்லையா,
ஏட்டு கேட்டாராம்.
ஜெனரேட்டர்காரர் இருக்கார் சார்.
பத்து மணிக்கு மேல் கூடாது என்று
முத்திரை குத்திக் கொடுத்தார்.

நேற்று ஒலி பார்க்க வந்தார்கள்.
முந்நூறு நாற்காலியும் அடுக்கடுக்காகச் சுவரோரம்.
வெறுங்கூடம் குரலை வாங்கி
வாங்கிய வேகத்தில் திருப்பி எறிந்தது.
தமயந்தி ஒரே ஒரு அடி பாடினாள்:
தக்காளிக் கூடையோடு ஒருத்தி சாவடியில் நிற்கிறாள்,
நீ எந்த ஊர் என்கிறார்கள்,
கூடையை இறக்காமல்
கிலோ விலையைச் சொல்கிறாள்.
அங்கேயே நிறுத்தி,
பேஸ் கொஞ்சம் குறைங்கண்ணா, என்றாள்.

அப்புறம் அவளை விட்டார்களா?
கேட்க வாய் வரவில்லை.
அந்த ஓர் அடியை வைத்துக்கொண்டு
மோட்டார் போடுகிறேன், குழாய் மூடுகிறேன்,
சாவியை வைத்த இடம் தேடுகிறேன்.
மேடையில் மறந்து போயிருந்த தாளில் பார்த்தேன்:
பதினான்கு பாட்டு.
தக்காளி, பதினான்காவது.

கோயம்புத்தூரிலிருந்து நாற்பது பேர் வருகிறார்களாம்.
திரும்பிப் போகக் கடைசி வண்டி ஒன்பது இருபது.
அவர்களுக்குப் பதினொன்றோ பன்னிரண்டோதான் கிடைக்கும்.

இன்று காலை டிரைவர் ஆறுச்சாமியிடம் போய் நின்றேன்.
சனிக்கிழமை மட்டும் ஒரு அரை மணி நேரம்ங்.
யாரு, சினிமாவுல பாடுனவங்களா?
இல்லீங்.
டிவியில?
இல்லீங்.
அப்புறம்?
அப்புறம் ஒண்ணும் இல்லீங்.
நிறுத்தினாப் போதும்.

பாட்டில் தண்ணீரைக் கண்ணாடி மேல் ஊற்றித்
துணியால் துடைத்தார், மெதுவாக, இரண்டு தடவை.
சரி என்றும் சொல்லவில்லை.
ஏறி உட்கார்ந்து, எதிர்ச் சுவரைப் பார்த்து,
யாரும்மா இந்தப் பிள்ளைஸி, என்றார்
வண்டியை எடுத்துக்கொண்டே.