இரண்டு எம்.பி.க்குள் ஒரு கிணறு

மஞ்சக்குப்பத்தில், கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ச் சந்தில்
ஜெராக்ஸ் மெஷினும் நானும் கொள்ளும் அளவுக்கு ஒரு கடை.
ஞாயிறு மதியம் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன்.
குனிந்து உள்ளே வந்தார்கள் இரண்டு பேர்.
கலியவரதன், சட்டைப்பையில் பென்டிரைவ்.
அஞ்சலாட்சி, கையில் ஒரு பாட்டில்.
குடிக்கக் கொண்டுவந்த தண்ணீர் இல்லை,
பார்த்ததுமே தெரிந்தது.

விடிந்தால் குறைதீர் நாள்.
இந்தத் தரம் நேரில் கொடுத்தால் மட்டும் போதாதாம்,
முன்னாடியே இணையத்தில் ஏற்ற வேண்டுமாம்.
பிடிஎஃப் மட்டும்.
இரண்டு எம்.பி.க்குள்.

வேர்டைத் திறந்தால் தலையில் பட்டை கட்டிக்கொண்டு
சந்தா முடிந்தது, பணம் கட்டு என்கிறது.
கந்துக்காரன் மாதிரி அது வாசலில் நிற்க ஆரம்பித்து
எட்டு மாதம் ஆகிறது.
மூடிவிட்டு லிப்ரே ஆபீஸைத் திறந்தேன்.
"இலவசமா? வைரஸ் கிய்ரஸ் வராதே?"
"ஏன், ரேஷன் அரிசியும் இலவசம்தானே?"
"அதான் கேக்கறேன்" என்றார் கலியவரதன்.

தட்டச்சு செய்தவன் போட்ட ஃபான்ட் என்னிடம் இல்லை.
மனு முழுக்கக் கொம்புகள் எழுத்தைவிட்டுக் கழன்று
வெறும் புள்ளி வட்டங்களைக் கட்டிக்கொண்டு நின்றன.
கெட்டுப்போனது என்ற சொல்லே
இரண்டு இடத்தில் கெட்டுப்போயிருந்தது.
வேறொரு ஃபான்டை இறக்கினேன், அதுவும் காசில்லாதது.
மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து மாற்றினேன்.
கொம்புகள் அவரவர் வீட்டுக்குத் திரும்பின.

"பிடிஎஃப்ல ஃபான்டும் உள்ளேயே போயிடும்,
அவங்க கம்ப்யூட்டர்ல இல்லன்னாலும் பிரச்சினை இல்ல."
"அப்ப ஆபீசுக்குள்ள போய் மாறிடாது?"
"எழுத்து மாறாது" என்றேன்.
அதற்கு மேல் நான் பொறுப்பில்லை.

ஏற்றுமதி பட்டனை அமுக்கினேன்.
ஏழு புள்ளி மூன்று.

சுருக்கித் தருகிறோம் என்று கூப்பிடும் தளங்கள் ஏராளம்,
சல்லிக் காசு கேட்காது.
நாற்பத்தொரு பேரின் கையெழுத்தும் போன் நம்பரும்
யார் ஊர் சர்வரிலோ போய்ப் படுத்துக்கொள்ளும்.
வேண்டாம்.
இங்கேயே பார்க்கலாம் என்று
கிணற்றுப் படங்கள் ஆறையும் கருப்பு வெள்ளையாக்கி
தரத்தையும் கொஞ்சம் குறைத்தேன்.
ஒன்று புள்ளி எட்டு.
"ஆச்சு" என்று மானிட்டரைத் திருப்பினேன்.

அஞ்சலாட்சி கிட்டே வந்து பார்த்தாள்.
கிணறு இருந்தது. வாளி இருந்தது.
வாளிக்குள் இருந்தது
தண்ணீர் மாதிரி இருந்தது.

"இது எங்க தண்ணி இல்லியே."

பாட்டிலைத் திரைக்குப் பக்கத்தில் வைத்தாள்.
புண்ணுக்குப் போடுகிற டிங்சரை
நாலு சொட்டு விட்டுக் கலக்கிய நிறம்.
ஒரே கிளிக்கில் நான் அதைச் சுத்திகரித்திருந்தேன்,
இத்தனை வருஷம் அவர்கள் கேட்டும்
எவரும் செய்யாத வேலை.

செய்ததை எல்லாம் பின்வாங்கினேன்.
படிப்படியாக ஏறியது மஞ்சள்.

பிறகுதான் கவனித்தேன்,
கனமாக இருந்தது கிணறே இல்லை.
கையெழுத்துத் தாள்களை எவனோ கலரில்,
பத்திரிகை அட்டைக்குப் போல ஸ்கேன் செய்திருக்கிறான்.
நல்லவேளை, மூலத் தாள்கள் அவர் மடியில் இருந்தன.
கண்ணாடியில் கவிழ்த்துக் கருப்பு வெள்ளையில் எடுத்தேன்.
ஊதா மை கைநாட்டுகள் கரியாகின.
"ரேகை தெரியுதா?" என்றார் கலியவரதன்.
பெரிதாக்கிக் காட்டினேன். தெரிந்தது.
தம்முடையதை அடையாளம் கண்டுபிடித்தவர் போலத் தலையாட்டினார்;
அவர் கையெழுத்துப் போடுகிறவர்.

ஒன்று புள்ளி ஒன்பது நான்கு.
கிணறு மஞ்சளாகவே.

"எவ்ளோ?"
"பிடிஎஃப்புக்கு ஒண்ணுமில்ல. ஸ்கேனுக்கு நாப்பது."
அவர் சில்லறை எண்ணும்போது ஃபைலுக்குப் பெயர் கேட்டது.
தண்ணி என்று வைக்கச் சொன்னாள் அஞ்சலாட்சி.
முந்தைய இரண்டும் கலந்துவிடக்கூடாதென்று
பக்கத்தில் மூன்று போட்டேன்.
"அது என்ன மூணு?
நாங்க மனு குடுக்கறது ஏழாவது தரம்."

அழித்துவிட்டு
ஏழு என்று அடித்தேன்.