மழைக் கதவு

கதவு என்பது ஒரு பேச்சுக்குத்தான்.
சாலைக்குக் குறுக்கே ஒற்றை மூங்கில்,
ஒரு நுனியில் பாறாங்கல், மறுநுனியில் பூட்டு.
சாவி என் கழுத்தில்.
மழை பிடித்தால் இறக்குவேன்;
விட்டபின் நான்கு மணி நேரம் தூக்கமாட்டேன்.
ஈரச் செம்மண்ணில் ஒரே ஒரு மரலாரி போனால் போதும்,
அப்புறம் அது சாலையில்லை, உழுத வயல்.

கேமரூனின் கிழக்கோரத்தில் என் பெயர் நம்போனா.
அரசாங்கத்துக்கு நான் தடுப்பு எண் பதினேழு.
ஏழு மாதமாகச் சம்பளம் இல்லை.

நேற்று இரண்டே காலுக்கு மழை விட்டது.
முதலில் வந்து நின்றது சோதேயாவின் தக்காளி லாரி.
இன்ஜினை அணைத்துவிட்டு என்னைத் திட்டினான்,
பிறகு என் பரம்பரையை, பிறகு வானத்தை.
அடுத்தது ஒரு வேன். கூரைமேல் காலிச் சவப்பெட்டி.
முன்னால் ஏதோ ஊரில் ஒருவர்
அவசரமில்லாமல் காத்திருக்கிறார்.

மூன்று மணிக்கு வெள்ளை வண்டி,
கதவில் அமைச்சகத்தின் முத்திரை.
இறங்கியவர் பொறியாளர் அபெசோலோ.
"திற."
"இன்னும் மூன்றே கால் மணி நேரம் இருக்கிறது, ஐயா."
"இந்த விதியை எழுதியதே என் துறை."
"அப்படியானால் உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்குமே."
தக்காளிக் கூடைகளின் மேலிருந்து யாரோ சிரித்தார்கள்.

வரைபடத்தை பானெட்டில் விரித்தார்.
தடித்த கறுப்புக் கோடு.
பிப்ரவரியிலேயே தார் போட்டு முடித்தாயிற்றாம்.
தார்ச்சாலைக்கு மழைக் கதவு எதற்கு?
கதவே இல்லையென்றால் காவல்காரன் எதற்கு?
என் ஏழு மாதம் எந்தக் குழியில் விழுந்ததென்று
அப்போதுதான் தெரிந்தது.

வேலை முடிந்ததென்று கையெழுத்துப் போட வந்தவர்
கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு
மூங்கிலுக்குக் கீழே குனிந்து அந்தப் பக்கம் நடந்தார்.
பத்தடி.
கறுப்புக் கோட்டின் நடுவே
கணுக்கால்வரை சிவப்பாக ஒரு மனிதர்.
திரும்பி வந்தது ஒரு சப்பாத்துதான்.

நசுங்கிய தக்காளிகளை உப்பில் தொட்டுத் தின்றோம்.
அவரும் தின்றார்.
காகிதத்தை மட்டும் சட்டைக்குள் நனையாமல் வைத்திருந்தார்.
போடுவீர்களா என்று நான் கேட்கவில்லை.
சோதேயா கேட்டான்.
விரலில் ஒட்டிய விதைகளையே
அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறே காலுக்கு மூங்கிலைத் தூக்கினேன்.
சவப்பெட்டிக்கு எல்லாரும் வழிவிட்டார்கள்.
வெள்ளை வண்டி மட்டும்
வந்த வழியே தலைநகருக்குத் திரும்பிவிட்டது.

காலையில் அந்தச் சப்பாத்தைத் தோண்டியெடுத்தேன்.
நல்ல தோல். இடது கால்.
கழுவி, மூங்கில் நுனியில் மாட்டியிருக்கிறேன்.
கேட்டு வந்தால் கொடுப்பேன்,
மழை நாளென்றால்
நான்கு மணி நேரம் கழித்து.