நூற்றுப் பதினான்காம் பக்கம்

செங்காங் நூலகத்தில், சனிக்கிழமை,
ஏழு பேர் கூடி ஒரு பணிப்பெண்ணைப் பற்றிப் பேசினோம்.
நாவலில் அவள் பெயர்
நாற்பதாம் பக்கத்தில்தான் வருகிறது.
உத்தி அது, என்றார் மதியழகி.
ஜன்னல் விடுதலையின் குறியீடு.
இதில் யாருக்கும் மறுப்பில்லை.
பிஸ்கட் தட்டு ஒரு சுற்று வந்தது.

நான் சொல்லாமல் விட்டது:
பன்னிரண்டாம் மாடியில் எங்கள் ஜன்னலுக்குக்
கம்பி உண்டு, பூட்டும் உண்டு.
அவள் கண்ணாடி துடைக்கையில் பூட்டியிருக்க வேண்டும்,
விழுந்துவிடக் கூடாதல்லவா.
சாவி என் கைப்பையில்,
நூலக அட்டையோடு.

வாயே திறக்கவில்லை, பாத்திரத்தில் ஆழமில்லை
என்று குறைப்பட்டார் பரிதி.
மௌனம்தான் அவள் குரல் என்று வாதாடினேன்.
நன்றாகப் பேசினீர்கள் என்றார்கள், மின்தூக்கி வரைக்கும்.

வீட்டில் சுமார்னி தூங்கிவிட்டிருந்தாள்,
வெடிகுண்டுக்கென்று கட்டிய அறையில்,
இரும்புக் கதவு ஒரு சாண் திறந்து.

புத்தகத்தை அலமாரியில் செருகப் போனபோது
நூற்றுப் பதினான்கில் ஒரு கடைச்சீட்டு.
என்றோ நான் கவிழ்த்துப் போட்டுப் போனதை
மூடி, பக்கம் தவறாமல் வைத்திருக்கிறாள்.
அரிசி. நெத்திலி. என் மூட்டுவலித் தைலம்.
ஷாம்பூவை மட்டும் பேனாவால் வட்டமிட்டு
அருகில், சயா.

மலாயில் அதற்கு 'நான்' என்று பொருள்.
'என்னுடைய' என்றும்.

மூன்று வெள்ளி தொண்ணூறு.
சம்பளத்தில் பிடித்தேனா,
போகட்டும் என்று விட்டேனா,
நினைவில்லை.
தேதி இருந்த இடம் வெளுத்துவிட்டது,
அச்செழுத்தும் பாதி போய்விட்டது.
அவள் எழுதியது மட்டும்
நீலமாகவே இருக்கிறது.