விரல் விழுந்த படம்

சமையலறை மேசையில்
சொன்னபடி கேட்டது துலிப்.
பின்னணிக்கு அடுப்புத் தட்டின் கருப்பு.
சன்னலில் ஒட்டிய வெண்ணெய்த்தாள் வழியே
தார்த்து நகரத்து மார்ச் வெளிச்சம்.
கண்மருந்துக் குப்பியால்
இதழ்மேல் ஒரு சொட்டு வைத்தாள் மாரிக்கா.
அது அங்கேயே நின்றது,
வாடகை பாக்கியில்லாத குடித்தனக்காரர் மாதிரி.

ஏப்ரல் காடு அப்படியில்லை.
பிர்ச் மரத்தடியில் சருகைத் தள்ளிக்கொண்டு
நீலப்பூ, சுண்டுவிரல் உயரம்.
குப்புறப் படுத்தாள். பாசியின் ஈரம்
ஸ்வெட்டரைத் தாண்டி வயிற்றைத் தொட்டது.
லென்சுக்கும் பூவுக்கும் நடுவே சாண்கூட இல்லை.
அந்த நெருக்கத்தில்
காற்று என்பது புயல்,
மூச்சு என்பதும் காற்று.
ஒரு மகரந்தத்தாள் துலங்கினால்
அடுத்தது புகை.

"மறைச்சுக்கட்டுமா?" என்றான் உர்மாஸ்.
பேருந்து ஓட்டுகிற கை.
காம்பைத் தொடாமல்
காற்றை மட்டும் மறித்தது.

நாற்பத்தோரு படம்.
இரவு ஒவ்வொன்றாய் அழித்தாள்.
மிஞ்சியது, பூ பாதி கலங்கிய ஒன்று.
அதன் ஓரத்தில்
கிரீஸ் படிந்த நகத்தோடு
மங்கலாக, மலையளவு
ஒரு கட்டைவிரல்.

"அந்த ஓரத்தை வெட்டிடேன்."

வெட்டினாள்,
பூ இருந்த பக்கம் கொஞ்சம்.