தேரை விழுங்கும் விதம்

ஜெலுத்தோங் அடுக்ககத்தின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருக்கிறேன்.
மழை விட்டதும் ஈசல் கிளம்பிவிட்டது.
சாக்கடை விளிம்பில் ஒரு தேரை,
கடன் வசூலிக்க வந்தவன் மாதிரி
அசையாமல்.

கையில் ரொக்கியா அக்கா கொடுத்தனுப்பிய புபூர்.
ஆறி ஏடு கட்டிவிட்டது.

நாக்கில் மூன்றில் ஒரு பங்கைப்
பெரிய ஆஸ்பத்திரியில் விட்டுவந்து
நாற்பத்தோரு நாள்.
அதை எங்கே போட்டிருப்பார்கள் என்றான் குணாளன்.
அவனுக்கு எதற்கும் கணக்கு வேண்டும்.
எனக்கு வேறு கேள்வி:
சந்தையில் மூன்று மொழியில்
மீன் விலை கூவிய நாக்கு,
போன துண்டில் இருந்தது எந்த மொழி?
ஹொக்கியனில் எட்டு மட்டும் இன்னும் வரவில்லை.

"தெலான், தெலான்" என்கிறாள் மிஸ் சியூ பெங்,
புதன்தோறும், கரண்டியும் கையுமாக.
விழுங்கு என்று சொல்வது சுலபம்.
எதைக் கொண்டு?

வேலை இல்லாததால் வாய்களைப் பார்க்கிறேன்.
மாடிப்படிப் பூனை
நாக்கு நுனியைப் பின்னுக்கு மடித்துத்
தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் மேலே இழுக்கிறது;
தண்ணீர் ஒரு கணம் கயிறாக எழும்,
அறுந்து விழுமுன் வாயை மூடிவிடும்.
குழல்விளக்குப் பல்லிக்கு இமை கிடையாது.
பூச்சியைத் தின்ற வாயாலேயே
கண்ணை நக்கித் துடைத்துக்கொள்ளும்.
என்ன கெட்டிக்காரத்தனம்.
கெழுத்தியையும் வஞ்சிரத்தையும்
இருபது வருஷம் வெட்டியவள் நான்,
ஒரு வாயையும் உள்ளே பார்த்ததில்லை.

இதோ, தேரை.
அதன் நாக்கின் வேர் முன்னால், உதட்டோரம்.
எறிந்ததை நான் பார்க்கவில்லை.
பறந்துகொண்டிருந்த ஈசல் இப்போது இல்லை,
அவ்வளவுதான்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்தது:
கண் இரண்டும் உள்ளே இறங்கின.
மண்டைக்குள், வாய்க்கே இறங்கி
இரையை நெட்டித் தள்ளின.
நாக்கு பாதி வேலைதான் செய்கிறது.
மீதிக்குக் கண் வருகிறது.

ஒரு கரண்டி எடுத்தேன்.
முகவாயைத் தாழ்த்தி
இமைகளை இறுக்கிக்
கண்ணையெல்லாம் உள்ளே அழுத்தி,
பார்த்தவர் சிரித்திருப்பார்கள்,

போயிற்று.
இருமல் இல்லை.
உப்பு கூடக் கொஞ்சம் தெரிந்தது.

கிண்ணத்தில் ஒரு சிறகு மிதந்ததே,
அதை எடுத்துப்போட்டேனா?
நினைவில்லை.

தேரை என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.
அதற்கு இன்னும் நிறைய பாக்கி
விளக்கைச் சுற்றிக்கொண்டிருந்தது.